ஆர்செனிக்கை பாக்டீரியா தின்னுமா?



தைப்பூசத்தன்று தண்ணீர்மலை அடிவாரத்தில் நம் தண்ணீர்ப் பந்தலில் நின்றவர்களுக்கு நினைவிருக்கும். மதியம் கூட்டம் கொஞ்சம் குறைந்த நேரம். வாளிகளைக் கழுவிக்கொண்டிருந்தபோது படிவம் 5 படிக்கும் ஒரு தம்பி என்னிடம் வந்தான். "அக்கா, நீங்க தண்ணி சோதிக்கிற லேப்லதானே வேலை செய்றீங்க? ஆர்செனிக்கைத் தின்னுற பாக்டீரியா இருக்காமே, அது எங்க கிடைக்கும்?"

எதற்குடா என்று கேட்டேன். அவனுடைய பாட்டி பேராக்கில், பழைய ஈயக் குட்டைகளுக்குப் பக்கத்தில் ஒரு கம்பத்தில் இருக்கிறார். வீட்டில் குழாய் இருக்கிறது. ஆனால் குடிப்பதற்குக் கிணற்றுத் தண்ணீர்தான். "பைப் தண்ணியில மருந்து வாடை" என்பாராம். ஈயச் சுரங்கம் இருந்த மண்ணில் ஆர்செனிக் இருக்கலாம் என்று தம்பி எங்கோ படித்திருக்கிறான். பாக்டீரியா அதை நீக்கும் என்று இன்னோர் இடத்தில் படித்திருக்கிறான். இரண்டையும் சேர்த்து, இ.எம். கரைசல் ஒரு போத்தல் வாங்கிக் கிணற்றில் ஊற்றிவிடுவது என்று முடிவே செய்துவிட்டான். காசும் சேர்த்து வைத்திருந்தான்.

ஊற்றாதே என்று சொன்னேன். ஏன் என்று விளக்க இரண்டு சனிக்கிழமை வகுப்புகள் ஆயின. வராதவர்களுக்காகவும், வந்தும் பின்வரிசையில் கதை பேசிக்கொண்டிருந்தவர்களுக்காகவும் அதை இங்கே எழுதுகிறேன்.

அவன் நினைத்ததில் ஒரு நியாயம் உண்டு. பினாங்குக்காரர்களுக்கு இ.எம். மண் உருண்டை புதிதல்ல. 2009-இல் கூட்டமாகக் கூடி அந்த உருண்டைகளைக் கடலில் வீசியதை எங்கள் வயதுக்காரர்கள் பார்த்திருக்கிறோம். சாக்கடையில் கிடக்கும் சோறு, எண்ணெய், மலம் போன்றவற்றை பாக்டீரியா உண்மையிலேயே தின்னும். அவையெல்லாம் கார்பன் கோத்துக் கட்டிய பொருள்கள். பாக்டீரியா அந்தக் கட்டை உடைத்து, தனக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டு, மிச்சத்தைக் கரியமில வாயுவாகவும் நீராகவும் விட்டுவிடும். அழுக்கு இருந்த இடம் தெரியாது.

ஆர்செனிக் அப்படியில்லை. அது ஒரு தனிமம். தங்கம், இரும்பு மாதிரி. அதை உடைத்து வேறொன்றாக்க எந்த உயிராலும் முடியாது. கொதிக்க வைத்தாலும் போகாது; நீர் ஆவியாகி, மிச்சத் தண்ணீரில் ஆர்செனிக் இன்னும் கொஞ்சம் செறிவாகும். கிணற்றுக்குள் 1 கிராம் இருந்தால், என்ன பாக்டீரியாவை ஊற்றினாலும் அதே 1 கிராம் அங்கேயேதான் இருக்கும். "அப்போ பாக்டீரியா நீக்குதுன்னு எழுதியிருக்கிறது பொய்யா அக்கா?" என்று தம்பி கேட்டான். பொய்யில்லை. ஆனால் அது செய்வது தின்னும் வேலை இல்லை.

ஆர்செனிக் நமக்குப் புதிய பொருளும் இல்லை. நம் சித்த வைத்தியத்தில் பாஷாணம் என்ற சொல் இருக்கிறதே, அந்த வரிசையில் வரும் தாளகம், மனோசிலை, வெள்ளைப் பாஷாணம் மூன்றும் ஆர்செனிக் சேர்ந்த பொருள்கள். இதைச் சொன்னதும் ஒரு தங்கை கையைத் தூக்கினாள். பழனி மூலவர் நவபாஷாணத்தால் போகர் செய்தது என்கிறோம், அது மருந்தாச்சே என்றாள். ஐதீகத்தோடு எனக்குச் சண்டை இல்லை. ஆனால் வைத்தியர்களே பாஷாணத்தைச் சுத்தி செய்யாமல் தொடக்கூடாது என்றுதான் சொல்லி வைத்தார்கள். அதை நஞ்சு என்று தெரிந்து வைத்திருந்தவர்கள் அவர்கள். கடையில் 'நவபாஷாணம்' என்று விற்கும் உருண்டையைத் தண்ணீரில் போட்டுக் குடிப்பதை நான் யாருக்கும் சொல்லமாட்டேன்.

எவ்வளவு இருந்தால் ஆபத்து? உலகச் சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டி அளவும் நம் மலேசியக் குடிநீர்த் தர அளவும் ஒன்றுதான்: 1 லிட்டருக்கு 0.01 மில்லிகிராம், அதாவது 10 மைக்ரோகிராம். இது எவ்வளவு சின்ன அளவு என்று பலகையில் கணக்குப் போட்டுக் காட்டினேன். ஒலிம்பிக் நீச்சல் குளம் ஒன்றில் 25 லட்சம் லிட்டர் தண்ணீர் பிடிக்கும். அதில் 25 கிராம் ஆர்செனிக் கரைந்தாலே அந்த எல்லையைத் தொட்டுவிடும். இரண்டு மேசைக்கரண்டி சீனி எடை. நிறமில்லை, வாடையில்லை, சுவையில்லை. குடித்த அன்று ஒன்றும் ஆகாது. பல வருடம் குடித்த பிறகு உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் தோல் தடித்து முடிச்சுகள் வரும். உடம்பில் மழைத்துளி தெறித்தது போல் கறுப்பும் வெள்ளையுமாகப் புள்ளிகள் விழும். அதற்கும் பிறகு தோல், நுரையீரல், சிறுநீர்ப்பை என்று புற்றுநோய் வரலாம்.

இது பெரிய அளவில் நடந்த இடம் வங்காளம். அங்கே கிராமத்து மக்கள் குளத்துத் தண்ணீரைக் குடித்து வயிற்றுப்போக்கிலும் காலராவிலும் குழந்தைகளைப் பறிகொடுத்துக்கொண்டிருந்தார்கள். 1970களில் இருந்து யுனிசெப் போன்ற அமைப்புகள் உதவியோடு லட்சக்கணக்கில் குழாய்க் கிணறுகள் போட்டார்கள். அடிபம்பை அடித்தால் கண்ணாடி மாதிரி தண்ணீர். கிருமியும் இல்லை. நல்ல மனசோடு செய்த நல்ல வேலை. 1983-இல் கொல்கத்தாவில் டாக்டர் கே.சி. சாஹா என்ற தோல் மருத்துவர், கிராமங்களில் இருந்து வரும் நோயாளிகளின் தோலில் இருப்பது ஆர்செனிக் நோய் என்று கண்டுபிடித்தார். பிறகு ஜாதவ்பூர் பல்கலைக்கழகத்தின் தீபங்கர் சக்கரவர்த்தி கிராமம் கிராமமாகப் போய்த் தண்ணீர் எடுத்துச் சோதித்தார். எல்லைக்கு அந்தப் பக்கம் வங்காளதேசத்தில், பிரிட்டன் புவியியல் ஆய்வு நிறுவனம் அந்நாட்டு அரசோடு சேர்ந்து செய்த ஆய்வு 2001-இல் வெளிவந்தது. 10 மைக்ரோகிராமுக்கு மேல் உள்ள தண்ணீரைக் குடிப்பவர்கள் 57 மில்லியன் பேர், 50-க்கு மேல் உள்ளதைக் குடிப்பவர்கள் 35 மில்லியன் பேர் என்று அது மதிப்பிட்டது. நம் மலேசியாவின் மொத்த மக்கள்தொகையே ஏறக்குறைய 35 மில்லியன்தான்.

யார் அந்த நஞ்சைப் போட்டது? ஒரு தொழிற்சாலையும் இல்லை. கங்கையும் பிரம்மபுத்திராவும் இமயத்தில் இருந்து அடித்துக்கொண்டு வந்த மண்ணில், ஒவ்வொரு மணல்துகள் மேலும் மெல்லிய துருப் பூச்சு இருக்கிறது. ஆர்செனிக் அந்தத் துருவைப் பிடித்துக்கொண்டு ஆயிரக்கணக்கான வருடமாக யாருக்கும் தொந்தரவு இல்லாமல் கிடந்தது. ஆனால் அந்த மண்ணோடு இலைதழையும் புதைந்திருக்கிறது. அதை உண்ணும் பாக்டீரியாக்கள் ஆழத்தில் இருக்கின்றன. அங்கே காற்று கிடையாது. நாம் ஆக்சிஜனை வைத்து மூச்சு விடுவதுபோல, அவை துருவை வைத்து மூச்சு விடுகின்றன. அப்போது துரு கரைந்து இரும்பாகத் தண்ணீரில் இறங்கும். பிடித்துக்கொள்ள இடமில்லாமல் ஆர்செனிக்கும் சேர்ந்து இறங்கும். மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தின் ஜொனதன் லாய்டு குழுவினர் மேற்கு வங்காள மண்ணை எடுத்து, காற்றுப் படாமல் வைத்து, பாக்டீரியாவுக்குத் தீனி கொடுத்து, இது நடப்பதை 2004-இல் காட்டினார்கள்.

குளத்துக் கிருமிக்குப் பயந்து கீழே போனார்கள். கீழே வேறு கிருமி வேறு வேலை செய்துகொண்டிருந்தது. வகுப்பில் இதைச் சொன்னபோது கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.

இப்போது தம்பியின் கேள்விக்கு வருகிறேன். துருவைக் கரைத்து ஆர்செனிக்கை வெளியே விட ஒரு பாக்டீரியா இருக்கிறது என்றால், துருவை உண்டாக்கி அதை மறுபடி பிடித்து வைக்கவும் பாக்டீரியா இருக்கிறது. காற்று இல்லாத இடத்தில் முதல் வேலை நடக்கும். காற்று உள்ள இடத்தில் இரண்டாவது நடக்கும்.

இது தெரிந்து 100 வருடத்துக்கு மேல் ஆகிறது. அந்தக் காலத்தில் தென்னாப்பிரிக்காவில் உண்ணியைக் கொல்ல மாடுகளை ஆர்செனிக் கரைத்த தொட்டியில் முக்கி எடுப்பார்கள். தொட்டி மருந்தின் வீரியம் தானாகக் குறைகிறதே என்று ஆராய்ந்த எச்.எச். கிரீன் என்பவர் 1918-இல் அந்தத் தொட்டித் தண்ணீரிலேயே இரண்டு பாக்டீரியாக்களைப் பிரித்தெடுத்தார். ஒன்று ஆர்செனைட்டை ஆர்செனேட்டாக மாற்றியது. மற்றது ஆர்செனேட்டைத் திருப்பி ஆர்செனைட்டாக மாற்றியது. ஒரே தொட்டியில் இரண்டும் குடியிருந்தன!

இந்த இரண்டு பெயரையும் கொஞ்சம் மனதில் வையுங்கள். மீதி எல்லாம் இதில்தான் இருக்கிறது. காற்றில்லாத நிலத்தடி நீரில் ஆர்செனிக் பெரும்பாலும் ஆர்செனைட்டாக இருக்கும். சாதாரணத் தண்ணீரில் அதற்கு மின்னூட்டம் இல்லை. அதனால் எதன் மேலும் உறுதியாக ஒட்டாமல் வடிகட்டிக்குள் நுழைந்து மறுபக்கம் போய்விடும். நஞ்சும் அதற்குத்தான் அதிகம். ஆக்சிஜன் ஏறி ஆர்செனேட் ஆகிவிட்டால் அதற்கு எதிர்மின்னூட்டம் வந்துவிடும். துருவின் மேல்பரப்போ நேர்மின்னூட்டம் உள்ளது. கேட்கவும் வேண்டுமா, போய்ப் பிடித்துக்கொள்ளும். துருவோடு சேர்த்து மணலில் வடிகட்டிவிடலாம்.

சும்மா காற்றில் வைத்தால் இந்த மாற்றம் நடக்காதா என்றால், நடக்கும், மிக மெதுவாக. நாள் கணக்கில், வாரக் கணக்கில். பாக்டீரியா உள்ள வடிகட்டியில் அது நிமிடக் கணக்கில் முடிகிறது. சில பாக்டீரியாக்கள் நஞ்சைக் குறைத்துத் தங்களைக் காத்துக்கொள்ள இதைச் செய்கின்றன. சில இதிலேயே பிழைக்கின்றன. ஆஸ்திரேலியாவின் வடக்குப் பிரதேசத்தில் ஒரு தங்கச் சுரங்கத்தில் இருந்து ஜோன் சாந்தினி குழுவினர் எடுத்து 2000-இல் அறிவித்த என்.டி.-26 என்ற பாக்டீரியா, ஆர்செனைட்டை மாற்றும்போது கிடைக்கும் சக்தியையும் காற்றில் உள்ள கரியமில வாயுவையும் வைத்தே வளரும். நமக்கு விஷம், அதற்குச் சாப்பாட்டுக் காசு. ஆனாலும் கவனியுங்கள், ஆர்செனிக் அப்படியேதான் இருக்கிறது. உருவம் மட்டும் மாறியிருக்கிறது.

துருவை உண்டாக்கும் பாக்டீரியாக்களை நீங்கள் எல்லோரும் பார்த்திருக்கிறீர்கள், பெயர்தான் தெரியாது. மலையடிவாரத்தில் நீர் கசியும் வாய்க்கால்களில் ஆரஞ்சு நிறத்தில் கொழகொழவென்று படிந்திருக்கும். மேலே எண்ணெய் மிதப்பது போல் ஒரு பளபளப்பு. யாரோ கறுப்பெண்ணெய் ஊற்றிவிட்டார்கள் என்று திட்டுவோம். ஒரு குச்சியால் அந்தப் படலத்தைத் தொடுங்கள். கண்ணாடி மாதிரி துண்டு துண்டாக உடைந்து விலகி நின்றால் அது பாக்டீரியா வேலை. உடனே ஒன்றுகூடினால் நிஜமான எண்ணெய். கல்லியோனெல்லா, லெப்டோத்ரிக்ஸ் என்பவை இந்த இரும்பு பாக்டீரியாக்களில் பெயர்பெற்றவை. கிரேக்க நாட்டின் தெசலோனிக்கி நகரில் கட்சோயியான்னிஸ், சூபூலிஸ் என்ற இரு ஆய்வாளர்கள் இவை வளர்ந்த வடிகட்டிகளில் நிலத்தடி நீரைச் செலுத்தி, ரசாயனம் எதுவும் சேர்க்காமல் இரும்போடு ஆர்செனிக்கும் பிடிபடுவதைக் காட்டினார்கள். அவர்கள் பாக்டீரியாவைக் கடையில் வாங்கவில்லை. நிலத்தடி நீரிலேயே அவை இருக்கின்றன. காற்றும் இரும்பும் உட்கார இடமும் கிடைத்தால் தாமாக வளரும்.

எனக்கு மிகவும் பிடித்தது மேற்கு வங்காளத்துக் காசிம்பூரில் செய்த முறை. பெல்ஃபாஸ்டின் குயின்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பாஸ்கர் சென்குப்தா அதற்குத் தலைமை தாங்கினார். கிணற்றில் இருந்து தண்ணீரை ஏற்றி, பூவாளி மாதிரி தெளித்துத் தொட்டியில் விழவைத்துக் காற்றைக் கலப்பார்கள். அதில் ஒரு பகுதியைக் குடிக்கக் கொடுக்காமல் அதே கிணற்றின் வழியே பூமிக்குள் திருப்பி விடுவார்கள். குழாயைச் சுற்றி உள்ள மண்ணில் காற்று ஏறும். அங்கே ஏற்கெனவே குடியிருக்கும் இரும்பு பாக்டீரியாக்கள் விழித்துக்கொண்டு வேலையைத் தொடங்கும். இரும்பு துருவாகி மணலில் படியும், ஆர்செனிக் அதில் ஒட்டும். பிறகு ஏற்றும் தண்ணீரில் இரண்டும் குறைந்திருக்கும். மேலே கசடு என்று எதுவும் சேராது, ஆர்செனிக் தான் இருந்த மண்ணிலேயே மறுபடி உட்கார்ந்துவிடுகிறது. ஆனால் காற்று ஏற்றுவதை நிறுத்தினால் நிலைமை பழையபடி திரும்பலாம். ஆகவே ஊரில் ஒருவர் பொறுப்பெடுத்துத் தினமும் செய்யவேண்டும். மேற்கு வங்காளத்தில் வேறு எத்தனையோ வடிகட்டிகள் பராமரிப்பு இல்லாமல் துருப்பிடித்து நின்றன. அங்கே விஞ்ஞானம் தோற்கவில்லை, தினசரி வேலை செய்ய ஆள் இல்லை.

மேலேயே வடிகட்டினால் அந்தக் கசட்டை என்ன செய்வது? குழி தோண்டிப் புதைக்கலாம் என்று வகுப்பில் பாதிப்பேர் சொன்னார்கள். யோசித்துப் பாருங்கள். குழியை மூடினால் காற்று இருக்காது. குப்பை சேர்ந்தால் தீனி இருக்கும். துருவைக் கரைக்கும் பாக்டீரியா மறுபடி வந்து, பிடித்து வைத்த ஆர்செனிக்கை விடுவித்துவிடும். வங்காளத்தில் நடந்ததையே நம் கையால் திரும்பச் செய்வதாகும். இதை உணர்ந்து ஒரு குழு சரியாகச் செய்தது: அமெரிக்காவின் லீஹை பல்கலைக்கழகத்து அருப் சென்குப்தாவும் (இவர் வேறு சென்குப்தா) வங்காளத்துப் பொறியாளர்களும். 1997 முதல் கிராமத்துக் கிணறுகளில் அவர்கள் பொருத்திய வடிகட்டிகள் பாக்டீரியாவை நம்பியவை அல்ல. ஆனால் கழித்த கசட்டை, காற்று எப்போதும் புகுந்து போகும்படி அமைத்த பருமணல் தொட்டியில் வைத்தார்கள். காற்று படும்வரை துரு துருவாகவே இருக்கும், ஆர்செனிக் அதை விட்டுப் போகாது.

சரி, பாட்டி வீட்டுக் கிணறு.

தம்பியின் பயம் வீண் பயம் இல்லை. பினாங்குக்கு வடக்கே, தாய்லாந்தின் நக்கோன் சி தம்மராட் மாநிலத்தில் ரோன் பிபுன் என்ற ஊர் இருக்கிறது. பல காலம் ஈயம் தோண்டிய இடம். ஈயத்தோடு வந்த ஆர்செனிக் தாதுவைக் கழிவாகப் போட்டுவிட்டார்கள். அது கிணறுகளில் இறங்கியது. 1987-இல் முதல் நோயாளியின் தோலைப் பார்த்துத்தான் ஊருக்கே தெரிந்தது. அந்த ஈய வளம் மியன்மாரில் தொடங்கித் தென் தாய்லாந்து வழியாக நம் பேராக், சிலாங்கூர் கடந்து பங்கா தீவுவரை போகும் ஒரே பட்டை. அதற்காகக் குட்டைப் பக்கத்துக் கிணறு எல்லாமே நஞ்சு என்று சொல்லக்கூடாது. சோதித்துத்தான் சொல்லவேண்டும். நம் பினாங்குக் குழாயில் வருவது பெரும்பாலும் மூடா ஆற்றுத் தண்ணீர். சுத்திகரிப்பு நிலையத்தில் சோதித்து வருவது.

தம்பி ஒரு மினரல் வாட்டர் போத்தலில் கிணற்றுத் தண்ணீர் கொண்டுவந்தான். எடுத்தபோது தெளிவாக இருந்ததாம். பட்டர்வொர்த் வந்து சேர்ந்து ஓர் இரவு கழிந்ததும் அடியில் பழுப்பாகப் படிந்திருந்தது. "அக்கா, கெட்டுப்போச்சு" என்றான். கெடவில்லை, இரும்பு துருவாகிவிட்டது. ஆனால் அந்தத் தண்ணீர் சோதனைக்கு ஆகாது. ஏன் என்று கேட்டதும், நான் சொல்லுமுன் அவனே சொன்னான்: "ஆர்செனிக் இருந்தா இந்தத் துருவுல ஒட்டியிருக்கும். மேல உள்ள தண்ணியை மட்டும் சோதிச்சா குறைவா காட்டும்." இரண்டு சனிக்கிழமை வீண் போகவில்லை என்று அப்போது தெரிந்தது. இதற்காகத்தான் சோதனைக் கூடத்தில் போத்தலில் முன்பே கொஞ்சம் அமிலம் விட்டுக் கொடுப்பார்கள். இரும்பு படியாமல் கரைந்தே இருக்கும். அந்தப் போத்தலைக் கழுவிவிட்டுத் தண்ணீர் பிடிக்கக்கூடாது. கிருமிச் சோதனைக்கு வேறு போத்தல், கிருமி நீக்கியது, அதைக் குளிர்ப்பெட்டியில் வைத்து அன்றைக்கே கொடுத்துவிட வேண்டும்.

மறுவாரம் நானும் போனேன். பாட்டி கோப்பி போட்டுக் கொடுத்தார், அதே கிணற்றுத் தண்ணீரில். "அறுபது வருசமா குடிக்கிறேன் கண்ணு, எனக்கு என்ன ஆச்சு?" என்று உள்ளங்கையை நீட்டினார். பால் மரம் வெட்டிய காய்ப்புத்தான் இருந்தது. நான் கோப்பியைக் குடித்தேன். குடிக்காமல் எப்படி வருவது.

முடிவு 2 வாரத்தில் வந்தது. ஆர்செனிக் லிட்டருக்கு 0.004 மில்லிகிராம், எல்லைக்குள். இரும்பு எல்லையான 0.3 மில்லிகிராமைத் தாண்டியிருந்தது. துணி கறைபடும், அவ்வளவுதான். கிருமிச் சோதனையில் ஈ. கோலி இருந்தது. கிணற்றுக்கும் கழிவறைத் தொட்டிக்கும் நடுவே நாலு எட்டு தூரம்தான், பார்த்தபோதே எனக்குச் சந்தேகம். இதற்குக் கொதிக்க வைத்தால் போதும். ஆர்செனிக்காக இருந்திருந்தால் கொதிக்க வைத்துப் பயனில்லை. கிணற்றையே விட்டுக் குழாய்த் தண்ணீருக்கு மாறச் சொல்லியிருப்பேன்.

வறட்சி மாதத்தில் நீர்மட்டம் இறங்கும்போது இன்னொரு முறை எடுத்துச் சோதிக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன். இ.எம். வாங்கச் சேர்த்த காசில் தம்பி பாட்டிக்கு ஒரு மின்சாரக் கேத்தல் வாங்கிக் கொடுத்துவிட்டான். கொதிக்க வைத்த தண்ணீரில் ருசி இல்லை என்று பாட்டி போனில் இன்னும் குறை சொல்லிக்கொண்டிருக்கிறாராம்.